திருகோணமலையில் இசைத்தட்டுக் கழுவும் கருவிகள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

திருகோணமலை நகரம் இரு புறமும் கடலைக் கொண்டிருப்பதால், இங்குள்ள வீடுகளின் அலுமாரிகளில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் இசைத்தட்டுகளின் மீது தூசியோடு உப்பும், மாரி காலத்துப் பூஞ்சணமும், சமையற்புகையின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தே படிகின்றன. இசைத்தட்டுக் கழுவும் கருவிகளைப் பற்றிய மதிப்புரைகளோ பெரும்பாலும் குளிர்நாடுகளில், உலர்ந்த அறைகளில் இருந்து எழுதப்படுபவை. நிலைமின்னும் கம்பளத் தூசியுமே அவற்றில் முதன்மைப் பகையாகப் பேசப்படுகின்றன. அந்த மதிப்புரைகள் பிழையானவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் எந்தக் கருவிக்கு முதலில் பணம் செலவிடுவது, எதைத் தொடாமலே விடுவது என்ற வரிசை நம் ஊரில் மாறிவிடுகிறது. நான் பயன்படுத்திப் பார்த்தவற்றையும், நண்பர்களின் வீடுகளில் இயங்கக் கண்டவற்றையும் அந்த வரிசையிலேயே வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

கருவியைத் தேர்வதற்கு முன்னர் தட்டு எதனால் ஆனது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்; ஒரு தட்டுக்குத் தீங்கு செய்யாத திரவம் இன்னொன்றைச் சில நொடிகளில் கெடுத்துவிடும். ஊரின் பழைய வீடுகளில் ஒரே பெட்டிக்குள் இரு வேறு காலத்துத் தட்டுகள் கலந்து கிடப்பது வழக்கம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள், அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கோடு கற்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தப்பட்டவை. 33⅓ சுழற்சி கொண்ட நெடுந்தட்டைக் கொலம்பியா நிறுவனம் 1948 இலும், 45 சுழற்சி கொண்ட சிறிய தட்டை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949 இலும் அறிமுகப்படுத்தின. நம் வீடுகளில் கிடைக்கும் இவ்வகைத் தட்டுகள் பெரும்பாலும் வினைல் எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பாடல் வெளிவந்த ஆண்டை மட்டும் பார்த்துத் தட்டின் பொருளைத் தீர்மானிக்கக் கூடாது. இந்தியாவில் அரக்குத் தட்டுகள் மேலைநாடுகளைவிட நீண்ட காலம் அச்சிடப்பட்டன. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட 1960களின் நடுப்பகுதி வரை அங்கே 78 தட்டுகளாக வெளிவந்தன. ஆகவே நடுவிலுள்ள வட்டச்சீட்டில் 78 என்று இருக்கிறதா என்பதையும், கையில் எடுத்தால் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கிறதா என்பதையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தே தளபாடங்களுக்குப் பூசுகிறார்கள். அதே ஸ்பிரிட் 78 தட்டின் மேற்பரப்பையும் கரைக்கும் என்பதை நினைவில் வைத்திருந்தால் பாதி ஆபத்து நீங்கிவிடும். மூன்றாவது வகையொன்றும் அரிதாகத் தென்படும்: நடுத்துளையின் விளிம்பில் அலுமினியம் பளிச்சிடும் தட்டு. அது உலோகத் தகட்டின் மீது மெல்லிய பூச்சிட்டு நேரடியாகப் பதிவுசெய்யப்பட்ட ஒற்றைப் பிரதியாக இருக்கக்கூடும். பூச்சு உரிந்தால் ஒலியும் போய்விடும். அத்தகைய தட்டை இந்த மதிப்புரையில் வரும் எந்தக் கருவியிலும் போட வேண்டாம்.

அடுத்ததாக அளவு. நெடுந்தட்டில் ஊசி ஓடும் ஒலிப்பள்ளம் மேற்புறத்தில் ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் அகலமானது. 78 தட்டின் பள்ளம் அதைப் போல மும்மடங்கு அகலம் கொண்டது. பல்துலக்கும் தூரிகையின் ஒரு நைலோன் மயிரோ 0.15 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை தடிப்பானது. நெடுந்தட்டின் பள்ளத்துக்குள் அது நுழையவே முடியாது. பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேட்டை உரசிக்கொண்டு மேலே வழுக்கிச் செல்லும், அழுக்கு அடியில் அப்படியே கிடக்கும். மென்மையான தூரிகை என்று உறையில் அச்சிடப்பட்டிருப்பது பற்களுக்குப் பொருந்தும் செய்தி. காபன் இழையோ ஏறத்தாழ 0.007 மில்லிமீற்றர் மட்டுமே தடிப்பானது. பள்ளத்தின் அடிவரை சென்று திரும்பும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திலுள்ள பள்ளத்தை இழுத்து நீட்டினால் அரைக் கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட வரும். அவ்வளவு நீளத்தையும் எதைக் கொண்டு, எந்தத் திரவத்தால் தொடுகிறோம் என்பதே கேள்வி.

ஒரு கருவி பாதுகாப்பானதா என்று பார்க்க நான் மூன்றைக் கவனிக்கிறேன்: அது கீறக்கூடாது, கரைக்கக்கூடாது, எதையும் விட்டுச்செல்லக்கூடாது. முதலிரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர் மிகக் குறைவு, ஆனால் கழுவிய பின்னர் முன்பைவிடக் கூடுதலாகப் பொரியும் ஓசை எழுப்பும் தட்டுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவதில் தவறியவையே. நீர் ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணமும் சவர்க்காரமும், தூரிகை கிளப்பிவிட்ட அழுக்கும் பள்ளத்தின் அடியில் படிந்து இறுகிவிடுகின்றன. அழுக்கைக் கிளப்பும் திறனைவிட, கிளம்பிய அழுக்கைத் தட்டிலிருந்து வெளியே கொண்டுசெல்லும் திறனுக்கே நான் கூடுதல் புள்ளி கொடுக்கிறேன். பின்வரும் மதிப்பீடுகள் எல்லாம் அந்தச் சாய்வோடுதான் எழுதப்படுகின்றன.

உலர் கருவிகளில் காபன் இழைத் தூரிகை எல்லோருக்கும் வேண்டியது. ஓடியோகுவெஸ்ட் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களுடையதும் கிடைக்கிறது. பெயரற்ற மலிவானதும் கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இழையின் தரத்தைவிட, இழைகள் கைப்பிடியில் எவ்வளவு உறுதியாக ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதிலேயே தெரிகிறது. வாங்கியவுடன் வெள்ளைக் கடதாசி ஒன்றின் மேல் வைத்துச் சில முறை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கரிய இழைகள் உதிர்ந்தால் அதைத் தட்டின் அருகே கொண்டுசெல்ல வேண்டாம். தட்டு சுழலும்போது தூரிகையை அதன் சொந்தப் பாரத்தில் இளைப்பாற விட்டு, சில சுற்றுகளின் பின்னர் வெளிவிளிம்பை நோக்கி வழித்தெடுக்க வேண்டும். அழுத்துவதால் எந்தப் பயனும் இல்லை. இது ஊசி வைப்பதற்கு முன்னர் மேலுள்ள தூசியை அகற்றும் கருவி மட்டுமே. ஒட்டிப்பிடித்த உப்பையோ விரல் ரேகையையோ அது அசைக்காது. கச்சான் காற்று வீசும் மே தொடக்கம் செப்டெம்பர் வரையான மாதங்களில் இதன் வேலை இரு மடங்காகிறது. மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு நம் பக்கம் வறண்டு வரும் அந்தக் காற்று புழுதியைக் கொண்டுவருவதோடு அறையையும் உலர்த்துவதால், அப்போதுதான் நிலைமின் பற்றிய வெளிநாட்டு அறிவுரைகள் நமக்கும் பொருந்துகின்றன. மில்டி நிறுவனத்தின் சீரோஸ்டாட் என்னும் துப்பாக்கி வடிவக் கருவி, விசையை மெதுவாக அழுத்தி விடுவிக்கும்போது அயன்களை வெளிவிட்டு அந்த மின்னேற்றத்தைச் சமப்படுத்துகிறது. நன்றாகச் செய்யப்பட்ட கருவிதான். ஆயினும் ஆண்டின் மிகுதி மாதங்களில் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரமே அந்த வேலையின் பெரும்பகுதியைச் செலவின்றிச் செய்துவிடுகிறது என்பதால், பட்டியலின் கடைசியில் வைக்கலாம்.

வெல்வெட் பட்டைகள் உள்ள கையடக்கத் தூரிகைகள் 1970களில் டிஸ்க்வாஷர் நிறுவனத்தால் புகழ்பெற்றவை. சில துளி திரவத்தைப் பட்டையின் முன்விளிம்பில் விட்டுத் துடைத்து, பின்விளிம்பால் ஒற்றியெடுப்பது அவற்றின் முறை. மேலோட்டமான படிவுக்கு அது போதும். பூஞ்சணம் பிடித்த தட்டுக்கு அதைப் பயன்படுத்தினால் பட்டையே பூஞ்சணத்தின் இருப்பிடமாகி அடுத்த தட்டுக்கும் பரவும்.

இனித் திரவம். கருவியைவிட இதிலேயே தவறுகள் கூடுதலாக நிகழ்கின்றன என்பது என் கருத்து. நம் ஊர்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, கரையோரத்தில் உவரானதும்கூட. குழாய் நீரிலும் கரைந்த கனியங்கள் இருக்கவே செய்யும். கொதிக்க வைத்து ஆறவிட்டாலும் உப்பு போகாது, நீர் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். காய்ச்சி வடித்த நீரோ, அயன் நீக்கிய நீரோதான் வேண்டும். மருந்துக்கடைகளில் கிடைப்பது நன்று. எரிபொருள் நிலையங்களிலும் வாகன உதிரிப்பாகக் கடைகளிலும் விற்கப்படும் பற்றரித் தண்ணீரும் பொதுவாகப் பயன்படும். ஆனால் கடையின் அதே அடுக்கில், அதே மாதிரிப் போத்தலில், பற்றரி அசிட்டும் வைக்கப்பட்டிருக்கும். அது கந்தக அமிலம். சுட்டுத்துண்டை வாசிக்காமல் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். எந்த நீரை வாங்கினாலும் ஒரு துளியைச் சுத்தமான முகக்கண்ணாடியின் மேல் விட்டு, தானாக உலரவிட்டுப் பாருங்கள். வெண்மையான வளையம் எஞ்சினால் அதே வளையம் தட்டின் பள்ளத்திலும் எஞ்சும். இந்தச் சோதனைக்கு எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை, கிணற்று நீர்த் துளி ஒன்றையும் பக்கத்தில் விட்டுப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்பிரிட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இசைத்தட்டுக் கழுவும் குறிப்புகளில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் என்று வாசித்துவிட்டு, மருந்துக்கடையில் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டை வாங்கிவருபவர்கள் உண்டு. பிரித்தானிய மருந்தியல் முறைப்படி செய்யப்படும் அந்த ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெயும், டைஎதில் தலேற்றும், மெதில் சலிசிலேற்றும் சேர்க்கப்படுகின்றன. தோலுக்கு அது நல்லது. தட்டிலோ அற்ககோல் பறந்தபின் எண்ணெய்ப் படலம் மட்டுமே மிஞ்சும். கைகளுக்குப் பூசும் கிருமிநீக்கித் திரவங்களில் கிளிசரீன் இருப்பதால் அவையும் அவ்வாறே. தூய ஐசோபுரொப்பைல் அற்ககோலே கிடைத்தாலும், வினைல் தட்டுகளுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உள்ளது: நீரில் சிறிதளவு கலந்தால் விரல் ரேகையின் கொழுப்பை விரைவாக நீக்குகிறது என்பர் ஒரு சாரார், பிளாஸ்டிக்கில் கலந்துள்ள சேர்மானங்களைக் காலப்போக்கில் வெளியேற்றிவிடும் என்று அஞ்சுவர் மறுசாரார். கடலோர ஊருக்கு இந்த விவாதம் அவ்வளவு முக்கியமன்று. நம் தட்டுகளிலுள்ள முதன்மை அழுக்குகளில் ஒன்றாகிய உப்பு அற்ககோலில் கரைவதே அரிது, நீரில்தான் கரையும். அசற்றோன் கலந்த நகப்பூச்சு நீக்கி, பெற்றோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

நீர் மட்டும் தனித்து வினைலில் பரவாமல் மணிமணியாக உருண்டு நிற்கும். தாமரையிலைத் தண்ணீர் என்பது இங்கே பொருத்தமான உவமை. பள்ளத்துக்குள் நீர் இறங்க, அதன் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளொன்று மிகச் சிறிய அளவில் வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பேணற் பிரிவு தன் தட்டுகளுக்காக டேர்ஜிடோல் 15-எஸ்-7 என்னும் அயனற்ற கழுவுபொருளை, அயன் நீக்கிய நீரில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகக் கலந்து பயன்படுத்தும் முறையொன்றை வகுத்திருக்கிறது. அந்த அளவைக் கவனியுங்கள்: நுரை பொங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக விடுவதற்கு நேர்மாறானது அது. பாத்திரம் கழுவும் திரவத்தில் வாசனையும் நிறமும் தடிப்பாக்கும் பொருட்களும் உண்டு. வேறு எதுவும் கிடைக்காத நிலையில் ஒரு லீற்றர் நீருக்கு ஓரிரு துளி விட்டு, பின்னர் வடித்த நீரால் இரு முறை அலசினால் பொறுத்துக்கொள்ளலாம். தலைமுடிக்கான சம்போவை நான் பரிந்துரைக்க மாட்டேன், முடியை வழவழப்பாக வைத்திருப்பதற்காக அதில் சேர்க்கப்படுபவை போகாமல் தங்குவதற்காகவே சேர்க்கப்படுகின்றன.

இப்போது முக்கியமான கருவிக்கு வருகிறேன். மின்சாரமின்றிக் கையால் சுழற்றும் தொட்டிகளில் இரண்டு பெயர்கள் உலகெங்கும் அறியப்பட்டவை: 1975 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஸ்பின்-கிளீன், ஜெர்மனியின் நொஸ்டி டிஸ்கோ-அன்டிஸ்டாட். இரண்டிலும் தட்டு செங்குத்தாக நிற்க, அதன் கீழ்ப்பகுதி திரவத்தில் அமிழ்ந்து இரு தூரிகைகளுக்கிடையே சுழல்கிறது. இரு பக்கங்களும் ஒருசேரக் கழுவப்படுகின்றன. ஸ்பின்-கிளீனில் தட்டை உருளைகள் தாங்குகின்றன. உருளைகளை மூன்று இடங்களில் மாற்றிப் பொருத்தலாம் என்பதால் 7, 10, 12 அங்குலத் தட்டுகள் மூன்றும் அதில் நிற்கும். 10 அங்குல 78 தட்டுகளே கூடுதலாக உள்ள நம் வீட்டுப் பெட்டிகளுக்கு இது சிறிய வசதி அன்று. அதனுடன் வரும் திரவத்தில் அற்ககோல் இல்லை. அரக்குத் தட்டுகளுக்கும் பயன்படுத்தலாம். வலஞ்சுழியாக மூன்று சுற்று, இடஞ்சுழியாக மூன்று சுற்று, பின்னர் துணியால் ஒற்றுதல் என்பது நிறுவனத்தின் செய்முறை. நொஸ்டியில் தட்டின் நடுவே இறுக்கிப் பூட்டும் மூடிகள் இருப்பதால் வட்டச்சீட்டு நனையாது. ஆட்டுமயிர்த் தூரிகைகளும், கழுவிய தட்டுகளை நிறுத்தி உலரவிடும் தாங்கியும், திரவத்தை வடிகட்டி மீண்டும் போத்தலில் சேர்க்கும் புனலும் உடன் வருகின்றன. ஆனால் அதன் வழக்கமான கலவையில் அற்ககோல் உண்டு, ஆகவே 78 தட்டை அந்தக் கலவையில் இறக்கக் கூடாது. ஸ்பின்-கிளீனில் வட்டச்சீட்டுக்குக் காப்பு இல்லை. தொட்டியைக் கோட்டுக்கு மேல் நிரப்பினாலோ வேகமாகச் சுழற்றினாலோ நீர் வழிந்து சீட்டில் படும். பழைய சீட்டுகளின் மை எளிதில் கசியும்.

இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு, எனது மூன்றாவது அளவுகோல் அங்கேதான் வேலை செய்கிறது. முதல் தட்டைத் தூய நீர் கழுவுகிறது. பத்தாவது தட்டை முந்திய ஒன்பதின் அழுக்கு கலந்த நீர் கழுவுகிறது. கனத்த துகள்கள் அடியில் படிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் கரைந்த உப்பு அடியில் படியாது, நீர் முழுவதும் பரவியிருக்கும். உள்நாட்டு ஊர் ஒன்றில் ஒரு தொட்டி நீரில் பல பத்துத் தட்டுகளைக் கழுவுபவர் நிம்மதியாக இருக்கலாம். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலைப் பார்த்த யன்னல் அருகே இருந்த தட்டுகளைக் கழுவுபவர் நீரை அதைவிட விரைவாக மாற்ற வேண்டும். வடிகட்டி மீண்டும் பயன்படுத்தும் புனலும் துகள்களை மட்டுமே தடுக்கும், கரைந்ததைத் தடுக்காது. ஆகவே தொட்டிக்குப் பின்னர் கழுவுபொருள் எதுவும் கலக்காத வடித்த நீரால் தனியாக ஓர் அலசல் அவசியம் என்பது என் உறுதியான பரிந்துரை. இரண்டாவது தொட்டி வாங்க வசதியில்லாதவர்கள், மருந்துக்கடையிலோ அழகுசாதனக் கடையிலோ கிடைக்கும் புதிய விசிறிப் போத்தலில் வடித்த நீரை நிரப்பி, தட்டைச் சரிவாகப் பிடித்து, சீட்டை உள்ளங்கையளவு பிளாஸ்டிக் மூடியால் மறைத்துக்கொண்டு அலசலாம்.

உலர்த்துவதில் நம் ஊர்க்காரருக்கு வேறெங்கும் சொல்லப்படாத சிக்கல் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் தாங்கியில் நிறுத்திய தட்டு எளிதில் உலராது. அரை ஈரத்தோடு கடதாசி உறைக்குள் போனால், நீக்கிய பூஞ்சணம் திரும்பி வரும். கச்சான் காலத்தில் சீக்கிரம் உலரும், ஆனால் ஈரத் தட்டின் மேல் புழுதி வந்து ஒட்டும். மின்விசிறியின் கீழ் வைப்பதும் இதே காரணத்தால் சரியன்று. மாசி, பங்குனி மாதங்களின் காலை வேளைகளே பெருமளவில் கழுவுவதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் கழுவத்தான் வேண்டுமென்றால், மூக்குக்கண்ணாடிக் கடைகளில் கிடைப்பதைப் போன்ற நுண்ணிழைத் துணிகள் இரண்டை வைத்துக்கொண்டு, முதல் துணியால் நீரின் பெரும்பகுதியை ஒற்றியெடுத்து, இரண்டாவதால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பிறகு தாங்கியில் நிறுத்துங்கள். அந்தத் துணிகளைத் துவைக்கும்போது ஆடைகளை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். பழைய பனியன் துணி தும்பு விடும். வெயிலில் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்: வினைல் தட்டு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸை அண்மிக்கும்போது இளகத் தொடங்கும், நம் ஊர் நண்பகல் வெயிலில் கரிய பொருள் ஒன்று அந்த வெப்பத்தை எட்டுவது கடினமன்று.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பவை உறிஞ்சும் பொறிகள். 1960களின் இறுதியில் பிரித்தானியாவில் கீத் மங்க்ஸ் தொடக்கி வைத்த வகை இது. தட்டோடு உரசாதபடி நூலிழை ஒன்று இடையில் நிற்க, மெல்லிய குழாய் முனை பள்ளத்தின் போக்கிலேயே நகர்ந்து திரவத்தை உறிஞ்சும் அந்தப் பொறி இன்றும் ஆவணக் காப்பகங்களின் தரத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. வீடுகளுக்கு வாங்கக்கூடியவை ஓகி நோகி, புரோ-ஜெக்ட் போன்றவை. அவற்றில் வெல்வெட் உதடுகள் ஒட்டிய உறிஞ்சு குழாய் தட்டின் ஆரை முழுவதையும் ஒரே நேரத்தில் வழித்தெடுக்கிறது. அழுக்கு நீர் தட்டில் உலர்வதற்கு முன்னரே வெளியேறிவிடுவதால் என் அளவுகோலில் இவை தொட்டிகளைவிட உயர்ந்தவை. மாரி காலத்திலும் தட்டு ஓரிரு சுற்றுகளில் உலர்ந்துவிடுகிறது. சத்தம் பெரிது, வீட்டில் யாராவது உறங்கும் வேளையில் இயக்க முடியாது. வெல்வெட் உதடுகளைத் தட்டுக்குத் தட்டு துடைக்காவிட்டால் அதில் சிக்கிய மணல்துகள் ஒன்றே அடுத்த தட்டைக் கீறப் போதும், கடற்கரை ஊரில் மணல் எங்கும் இருக்கிறது. உலர்ந்த பின்னரும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் நிலைமின் ஏறும். வாங்குபவர்கள் 230 வோல்ட் பதிப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பது 120 வோல்ட் பொறியாக இருக்கும், சுழற்சி மோட்டரையும் உறிஞ்சு மோட்டரையும் மின்னழுத்த மாற்றியின் மூலம் இயக்குவது தலையிடி.

மீயொலித் தொட்டிகளைப் பற்றி இப்போது ஆர்வம் பெருகியிருக்கிறது. நீரில் ஒலியலைகள் உண்டாக்கும் நுண்குமிழிகள் வெடித்துச் சிதைவதால் அழுக்கு பெயர்கிறது. தூரிகை எதுவும் தட்டைத் தொடுவதில்லை. எஸ்தோனியாவின் டீகிரிட்டர் 120 கிலோஹேர்ட்ஸிலும், அதைவிட மலிவான ஹம்மின்குரு 40 கிலோஹேர்ட்ஸிலும் இயங்குகின்றன. அதிர்வெண் கூடக் கூடக் குமிழிகள் சிறிதாகும், தாக்கம் மென்மையாகும், பள்ளத்தின் அளவுக்கும் பொருத்தமாகும். பட்டியலில் மிகச் சிறந்த கருவி இதுவே என்று எழுதிவிடலாம். ஆயினும் விலையையும், பழுதானால் திருத்த ஊரில் ஆள் இல்லாமையையும் எண்ணிப் பார்க்கும்போது என்னால் எல்லோருக்கும் பரிந்துரைக்க இயலவில்லை. ஆபத்தான வகை ஒன்றையும் சொல்ல வேண்டும். நகைகளுக்கும் பல் மருத்துவக் கருவிகளுக்கும் செய்யப்பட்ட பொதுவான மீயொலித் தொட்டியை வாங்கி, அதன் மேல் சிறு மோட்டர் பொருத்தித் தட்டுகளைச் சுழற்றுபவர்கள் இருக்கிறார்கள். அத்தொட்டிகளில் நீரைச் சூடாக்கும் அமைப்பு உண்டு, சிலவற்றில் 80 பாகை வரை. அதை இயக்காமலே வைத்திருந்தாலும் நீண்ட நேரம் ஓடினால் நீர் தானாகவே சூடேறும்; வெப்பமானியைத் தொட்டியில் போட்டுவைத்து 35 பாகையைத் தாண்டவிடாமல் நிறுத்துங்கள். அற்ககோலைச் சூடேறும் திறந்த தொட்டியில் ஊற்றுவது தீ விபத்துக்கு வழி.

மரத்தை ஒட்டும் பசையைத் தட்டின் மேல் தடவி, காய்ந்தபின் தோலைப் போல் உரித்தெடுக்கும் முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். சரியாக உரிந்தால் அழுக்கை உண்மையாகவே இழுத்து வருகிறது. ஆனால் நம் ஈரக்காற்றில் பசை முழுவதும் காய நீண்ட நேரமாகும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் கிழிந்து பள்ளத்தில் தங்கும் துணுக்கை எடுப்பது எளிதன்று. எளிதில் உடையும் அரக்குத் தட்டில் இதைச் செய்யவே கூடாது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

பூஞ்சணம் பிடித்த தட்டுகளை உலர் தூரிகையால் தட்டிவிடுவது வித்துகளை அறை முழுவதும் பரப்பும். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, முதலில் ஈரப்படுத்திய பின்னரே துடையுங்கள்; அத்தகைய தட்டுகளைக் கடைசியாகக் கழுவி அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பழைய கடதாசி உள்ளுறைகளுக்குள் அவற்றைத் திரும்ப வைப்பதில் பொருளில்லை. பொலியெதிலீனால் ஆன புதிய உள்ளுறைகள் மலிவானவை, பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் தட்டோடு ஒட்டி மங்கலாக்கக்கூடியவை என்பதால் வேண்டாம். மூடிய பெட்டியில் வைக்காமல், காற்றோட்டமுள்ள அடுக்கில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

சிறிய பெட்டி ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் பாதி 78 தட்டுகள் என்பவர்களுக்கு: காபன் தூரிகை, அற்ககோலற்ற திரவத்தோடு கூடிய கைத்தொட்டி, வடித்த நீர், இரண்டு துணிகள், புதிய உள்ளுறைகள். இதற்கு மேல் தேவையில்லை. வினைல் நெடுந்தட்டுகள் அலுமாரி நிறைய இருப்பவர்கள், அதிலும் மழைக்காலத்திலும் கழுவ நேர்பவர்கள், கைத்தொட்டியைத் தாண்டி நேரடியாக உறிஞ்சும் பொறிக்குப் போகலாம். நண்பர்கள் சிலர் கூட்டாக வாங்கிச் சுற்றில் வைத்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஏற்றதே. எதை வாங்கினாலும் மேலதிகமாக ஒரு சோடித் தூரிகையையோ வெல்வெட் உதடுகளையோ அதே பொதியில் சேர்த்து வரவழைத்துவிடுங்கள். கருவி பல ஆண்டுகள் உழைக்கும், தட்டைத் தொடும் அந்தச் சிறு பாகம் அவ்வளவு காலம் உழைப்பதில்லை. அதை மட்டும் தனியாக வரவழைப்பதற்கு அனுப்புகூலி பாகத்தின் விலையை மிஞ்சிவிடும்.